தண்ணீர் டிரம் பக்கத்தில் என் மகள் பேசியது

“வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், இங்க இங்கிலீஷ். அஞ்சு வயசுக் குழந்தை இத்தனையும் எப்படிம்மா தாங்கும்? அதான் எதையுமே பேசாம நிக்குது.”

என் மகளின் யு.கே.ஜி. மிஸ் இப்படிச் சொன்னபோது பள்ளி திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள். பாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகளோடு கையை ஆட்டுவாள், உதடு மட்டும் அசையாது. இப்படியே இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருடம் யு.கே.ஜி.யிலேயே உட்காரட்டும் என்றார் மிஸ். ஒரு மாதம் வீட்டில் தெலுங்கை நிறுத்திப் பாருங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மகள்மீது அவருக்கு அக்கறை இருந்தது.

உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தெலுங்குதான். பேசுவோம், எழுத யாருக்கும் தெரியாது. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் களையும் செய்து எங்களை வளர்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காஞ்சிபுரத்தில் பி.காம். முடித்தேன். ஆனாலும், படித்தவர் ஒருவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்த பழக்கம் போகவில்லை. மிஸ் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் கணவர் ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தமிழ்ல உனக்குத் திட்ட வராது. நான் தப்பிச்சேன்” என்றார், தெலுங்கில்தான்.

அன்றிலிருந்து மகளிடம் தமிழும் எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் மட்டும் பேசினேன். “கம், ஈட்” என்றால் வந்து சாப்பிட்டாள். “ஸ்லீப்” என்றால் படுத்தாள். சொன்னதையெல்லாம் செய்தாள். ஆனால் அன்றன்றைக்கு நடந்ததை என்னிடம் சொல்வது நின்றுபோனது. எனக்கும் தெலுங்கு இல்லாமல் அவளைக் கொஞ்சத் தெரியவில்லை. தலை பின்னும்போதுகூட ஆபீசில் பேசுவது மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவளை அழைத்துவரப் போனேன். பிள்ளைகள் ஆயாம்மா என்று கூப்பிடும் பெண் பள்ளி கேட்டருகே என்னை நிறுத்தினார். வகுப்பறை பெருக்கி, பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். அதுவரை அவரோடு பேசியதில்லை.

“இன்னாமே, கொயந்தையாண்ட தெலுங்கு பேசறத நிறுத்திட்டியாமே?”

“உங்களுக்கு யார் சொன்னதுக்கா?”

“உம் பொண்ணுதான். அம்மாவுக்கு எம்மேல கோவம், பேசவே மாட்டேங்குதுன்னு அயுவுது.”

எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. “அவ உங்ககிட்ட பேசறாளா?”

“பேசறாளாவா? வாய மூட மாட்டேங்குது. உங்க ஆடு மூணு குட்டி போட்டது தெரியும். உன் வூட்டுக்காரரு கொறட்ட வுடறதும் தெரியும்.” பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தித் தெலுங்குக்கு மாறினார். யாரும் இல்லாதபோது அவர் போனில் மெதுவாகத் தெலுங்கு பேசியதை என் மகள் எப்போதோ கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் டிரம் பக்கத்தில் நின்று பேசிவிட்டுத்தான் போகிறாளாம்.

“இத மிஸ்கிட்ட சொல்லுங்கக்கா. அவளை ஒரு வருஷம் நிறுத்தப் போறாங்க.”

“என்னிய இதுல இழுக்காத” என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் பேச்சைக் கேட்டு யாரோ சிரித்தார்களாம். அதற்குப் பிறகு பள்ளிக்குள் பெரியவர்கள் காதில் விழும்படி அவர் தெலுங்கு பேசியதில்லை. குழந்தையைக் கெடுப்பதே நீதான் என்று மிஸ் சொல்லிவிட்டால் வேலை போய்விடும் என்றும் பயந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே மகளிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தேன். கோபமா என்று கேட்டாள். இல்லை, அம்மா ஒரு தப்பு செய்துவிட்டேன் என்றேன். ஊர் வருகிறவரை ஆட்டுக்குட்டிக் கதைதான்.

அடுத்த வாரம் மிஸ் வரச் சொன்னார். மகளை யு.கே.ஜி.யிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதிய தாள் மேசைமேல் இருந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் அவள் பேசுவாள் என்று எதை வைத்து நிரூபிப்பது? ஆயாம்மாவின் பெயரை எடுக்க எனக்கு மனமில்லை. நான் தடுமாறியதை வெளியே நின்று கேட்டிருப்பார் போல, அவரே வாசலுக்கு வந்தார்.

“மிஸ், ஒரு நிமிசம் வாங்க. சத்தம் போடாம வாங்க.”

மிஸ்ஸும் நானும் வராந்தாத் தூணை ஒட்டி நின்றோம். ஆயாம்மா மட்டும் டிரம்மிடம் போய் டம்ளர் கழுவ உட்கார்ந்தார். என் மகள் அவர் எதிரில் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேர் மண்ணுக்குள்ளே தண்ணீர் குடிக்கும், இலைதான் செடிக்குச் சமையல்கட்டு என்று. ஆயாம்மா தலையைத் திருப்பாமல் ஒவ்வொன்றையும் தமிழில் உரக்கத் திருப்பிச் சொன்னார். பள்ளிக்குள் அவர் அப்படிக் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை.

மிஸ் என் கையைப் பிடித்தார். “காலையில இங்கிலீஷ்ல நடத்தினேன். ஒண்ணு விடலியே.”

அப்போதுதான் மகள் எங்களைப் பார்த்தாள். எங்கே மறுபடியும் வாயை மூடிக்கொள்வாளோ என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் மிஸ்ஸையே பார்த்து, தெளிவாக, தமிழில் சொன்னாள்: “ஆயாம்மாக்கு இங்கிலீஷ் வராது மிஸ். அதான் நான் சொல்லித் தர்றேன்.”

வகுப்பு ஆசிரியையிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அந்தத் தாளில் மிஸ் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. நேற்று என்னுடைய ஆங்கிலத்தைத் திருத்தினாள், பஸ்ஸில், நாலு பேர் கேட்க. எனக்கு வெட்கமாக இல்லை. பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் “எம் பொண்ணுதான்” என்று, கேட்காமலேயே சொன்னேன். ஆயாம்மாவும் இப்போது பள்ளிக்குள் போனில் தெலுங்கு பேசுகிறார், கொஞ்சம் அதிகச் சத்தமாகவே.

எங்கள் தெருவிலிருந்து இந்த வருடம் இன்னும் நாலு பிள்ளைகள் அந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் கொஞ்ச நாள் பேசாமல் நிற்பார்கள். அந்த நாட்களில் அவர்கள் பேச்சு தெரிந்த ஒருத்தி வகுப்புக்கு உள்ளேயும் இருக்க வேண்டும் என்று தோன்றியது. காஞ்சிபுரத்தில் மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்தேன். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில், இத்தனை வருடமாக எந்தப் படிவத்திலும் எழுதாத தெலுங்கை முதலில் எழுதினேன். சனிக்கிழமைதோறும் வகுப்பு. இரண்டு வகுப்பு முடிந்துவிட்டது.