பாலத்தில் உறைந்த எண்ணெய்

காலை எட்டு மணிக்கு பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து புறப்பட்டோம். புரோசார்ட்டில் உள்ள கல்யாண மண்டபத்துக்குப் பதினைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். லொறியின் பின்னால் மணவறையைக் கழற்றி அடுக்கியிருந்தோம். அதை மேடையில் திரும்பப் பொருத்திப் பூட்டுவது என் வேலை. இரண்டு மணித்தியாலம் வேண்டும். முகூர்த்தம் பதினொன்றரைக்கு.

லொறி அன்ரனுடையது. டீசல் விலை ஏறிய பிறகு அவன் இரண்டாவது எரிபொருள் தாங்கி ஒன்றைப் பூட்டினான். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை வடித்து அதில் ஊற்றி ஓடுகிறான். டீசலில் எஞ்சின் சூடானதும் சுவிச்சைத் தட்டினால் அந்தத் தாங்கிக்கு மாறும். அக்காடி வீதியில் மாற்றினான்.

வழக்கமாகப் புகையில் பொரித்த ரோல்ஸ் வாசம் வரும். அன்று வேறு வாசம்.

"இண்டைக்கு மணம் வேறயா இருக்கு" என்றேன்.

"பசிக்குதோ அண்ணை? இழுத்து மூச்சு விடுங்கோ. காசில்லை."

மேலே கேட்க எனக்குக் கூச்சம்.

சம்பிளேன் பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் திணறியது. ஓரத்துக்குத் திருப்புவதற்குள் நின்றுவிட்டது. டீசலுக்கு மாற்றியும் அசையவில்லை. இரண்டு தாங்கிக்கும் ஒரே வடிகட்டி. கார்த்திகைக் குளிரில் காற்று அறைந்தது. பெரிய லொறிகள் கடக்கும்போது காலுக்குக் கீழே பாலம் அதிர்ந்தது.

ரோந்துக்காரர் ஒருவர் வந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"இழுக்கிற வண்டி வருதாம்" என்றான் அன்ரன். "இழுத்தா நேர அவங்கட யார்டுக்குத்தான். இண்டைக்கு எடுக்கேலாது."

மணவறை யார்டுக்குப் போனால் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு வெறும் மேடையில்தான் தாலி ஏறும்.

அவன் வடிகட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளையாக, சவர்க்காரம் போல் இறுகியிருந்தது.

"தேங்காயெண்ணெய்" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? விக்கிற விலைக்கு ஆர் அதில பொரிப்பான்?"

ஆனாலும் கடைக்காரருக்குப் போன் எடுத்தான். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"ஓம் தம்பி, இந்தக் கிழமை முழுக்கக் கல்யாணப் பலகாரம். தேங்காயெண்ணெயிலதான் வேணுமெண்டு பொம்பிளை வீட்டார் நிண்டவை."

"எந்தக் கல்யாணம்?"

"புரோசார்ட்."

அன்ரன் போனை வைத்தான். பிறகு என் தேநீர்ப் போத்தலைப் பார்த்தான்.

"சூடோ?"

"சீனி போட்டது."

"பில்டருக்குச் சீனி வருத்தம் வராது. ஊத்துங்கோ."

மூடியை இறுக்கிவிட்டு, வடிகட்டியின் மேல் தேநீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினேன். காற்றில் பாதி நிலத்தில் போனது. அவன் டீசல் பக்கம் மாற்றி, கைப்பம்பை அடித்து டீசலை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினான். முதல் தடவை எஞ்சின் சுற்றிவிட்டு ஓய்ந்தது. அடுத்ததும் அப்படியே. பின்னால் இழுவை வண்டியின் மஞ்சள் விளக்கு தெரியத் தொடங்கியது. மூன்றாம் தடவை எஞ்சின் பிடித்தது.

மணவறையின் கடைசி ஆணியை நான் முடுக்கும்போது மேளம் தொடங்கிவிட்டது. பெண்ணின் தாய் தட்டோடு வந்தார்.

"முறுக்கு எடுங்கோ தம்பி. சுத்தத் தேங்காயெண்ணெய்."

"தெரியும் அக்கா" என்றான் அன்ரன், கடித்தபடி. "எங்களோடதான் வந்தது."

திரும்பும்போதும் டீசலிலேயே ஓட்டினான். பாலத்தால் இறங்கியதும் முதல் பெற்றோல் நிலையத்தின் விலைப் பலகையை அவன் சற்று நேரம் பார்த்தான்.

"அந்த எண்ணெயை வழிச்சு வைப்பம் அண்ணை" என்றான். "ஆடி மாச வெயிலுக்கு உறையாது, ஓடலாம்."