மடுல்சீமையில் செல்லாயி இருந்த மலை

காற்றின் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கையில் பிடித்த கொடித்துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்... ஆடி மாதத்தில் மடுல்சீமை முகட்டில் வேறு சத்தமே கிடையாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நிலம் அளக்கும் சர்வேயர் துரையிடம் கொடி பிடிக்கும் வேலை. எதிர் மலையில் அவர் கருவியை நிறுத்திப் பார்ப்பார். இந்த மலையில் நான் அசையாமல் நிற்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் அது விலகும்வரை நிற்க வேண்டும். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போய்விடும்.

அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் நமுனுகுல மலை. நடுவே பசறைப் பள்ளத்தாக்கு. ஓடையை ஒட்டிச் சிங்கள ஊர்களின் வயல்கள், படிப்படியாக. அதற்கு மேலே தோட்டங்கள், அதற்கும் மேலே வெறும் புல்வெளி. முதுகுப்பக்கம் திரும்பினால் நிலம் சட்டென்று சரிந்து, கீழே வறண்ட காடு... ஒரு கூரைகூடத் தெரியாது.

ஒருநாள் கீழே, தோட்டக் கூலிகள் வரிசை வரிசையாகக் குடியிருந்த ஒரு பாழடைந்த லயத்திலிருந்து புகை வந்தது. தண்ணீர் கேட்கப் போனேன். செல்லாயி என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், தனியாக இருந்தாள். திருச்சிப் பக்கத்திலிருந்து புருஷனோடு காப்பித் தோட்டத்துக்கு வந்தவள். இலைக்கடியில் மஞ்சள் பொடி படிந்து காப்பி செத்ததும், மற்றவர்கள் வேறு தோட்டம் தேடிப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. காய்ச்சலில் போன புருஷனும் மகளும் லயத்துக்குப் பின்னால்தான் புதைந்திருந்தார்கள். குரக்கன் என்கிற கேழ்வரகும் மிளகாயும் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளந்து முடிச்சா யாராச்சும் வாங்கிருவாங்க. மண்ண வெட்டுவாங்க. இவங்கள தோண்டிப்புடாம பாத்துக்க முடியுமா தம்பி?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். பெரிய வாக்குறுதி போல அது மனதை அழுத்தியது.

அன்று மாலை துரையிடம் சொன்னேன். கைவிட்ட காப்பி நிலம் என்று ஏற்கெனவே எழுதியாயிற்று, ஆள் யாரும் இல்லையே என்றார். ஒருவர் இருக்கிறார் என்றேன். மறுநாள் காலையில் என்னோடு இறங்கி வந்தார். இரண்டு மண்மேடுகளையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்து, சமாதி என்று இங்கிலீஷில் எழுதினார். வாங்குகிறவர் மதிப்பாரா என்பது தன் கையில் இல்லை என்றும் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மலை முழுக்க இளந்தேயிலை. வரிசைகள் அந்த மேடுகள்வரை வந்து, சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, அப்பால் தொடர்ந்தன. என்னையறியாமல் கும்பிட்டேன்.

செல்லாயி புதுத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். புது லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா, ஒற்றை அறை. இப்போது துணைக்கு ஆளிருக்கிறதே அக்கா என்றேன். கூடையை இறக்கி வைத்தாள்.

"சுத்திலும் ஆளுங்கதான் தம்பி. ஆனா என் வூட்டு ஆள, புள்ளையத் தெரிஞ்சவங்க யாருமில்ல. அவங்க பேரச் சொல்லி எத்தன நாளாச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது... நானும் கேட்டதில்லை. கேட்டேன். அவர் பேர் ராக்கன், மகள் பேர் பூவாயி என்றாள். இன்னொரு தடவையும் தானாகவே சொன்னாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலை நிரைக்குப் போய்விட்டாள்.

இப்போது பதுளைவரை ரயில் வந்துவிட்டது. ஹாலிஎலயில் ஏறினால் ஜன்னலோரம் முழுக்கப் பச்சை. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று வண்டியில் யாரும் கேட்பதில்லை. செல்லாயியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த இரண்டு பேரும் யார் என்று சொல்ல, இனி நான் ஒருவன்தான்.