மாலை போட்ட வாரம்

குடியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், காஞ்சிபுரத்தில் எங்கள் உறவுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "இதுல ஆராய என்னமா இருக்குது? கடைய மூடிட்டா தீந்துது" என்பார்கள். மதுவுக்கு வரி ஏறினால் யார் குடியைக் குறைக்கிறார்கள், யார் வீட்டுச் சோற்றைக் குறைக்கிறார்கள், ஒருவன் குடியால் படுத்துவிட்டால் குடும்பத்துக்கும் அரசுக்கும் என்ன செலவாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இதைக் கல்யாணப் பந்தியில் விளக்கிப் பார்த்திருக்கிறேன். சாம்பார் வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

என் தம்பி அதே ஊரில், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறான். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கைநடுக்கம் நின்று இழையைப் பிடிக்க முடியும் என்ற அளவுக்கு வந்திருந்தான். நான் வாயைத் திறந்தாலே, "உன் கட்டுரைக்கு நான்தான் கெடச்சனா?" என்று எகிறுவான்.

அதனால் கார்த்திகை முதல் தேதி அவன் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டதாகத் தம்பி மனைவி போனில் சொன்னபோது என் மனசும் குளிர்ந்தது. எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் மாலை போட்டால் பாட்டிலைத் தொடமாட்டான். கார்த்திகை பிறந்தால் ஒயின்ஷாப்பில் கூட்டம் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். எந்த வரியாலும் முடியாததை ஒரு துளசி மாலை செய்துவிடுகிறதே என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தினமும் குடித்து ஊறிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் ஜன்னி வரலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். எல்லோருக்கும் வராது. இவனைப் போல விடிந்ததும் கை நடுங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து. கடையை மூடுவதற்கு முன்னால் இவர்களுக்குப் படுக்கையும் மருந்தும் ஏற்பாடு செய்யுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளப் பேசியவள் நான். மறுபடி கூப்பிட்டு, உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "சாமி பாத்துக்குவாரு அண்ணி" என்றாள். காலேஜில் லீவு சொல்லிவிட்டுக் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சந்தில் நுழையும்போதே சரணகோஷம் கேட்டது. வீட்டுக் கூடத்தில் சாயங்காலப் பூஜை. அக்கம்பக்கம் மொத்தமும் உள்ளே நின்றிருந்தது. நடுவில் தம்பி, கறுப்பு வேட்டியோடு, வியர்வை ஊற்ற, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆடிக்கொண்டிருந்தான். கண் எங்கேயோ இருந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களைக் குவித்துக் குவித்து ஏதோ செய்தான். யாரோ கற்பூரம் காட்டினார்கள். அவன் மனைவி எதிரே கைகூப்பி நின்றாள்.

"மொத வருஷமே அருள் வந்துடுச்சு பாருமா" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

கூட்டத்தை விலக்கிக் கிட்டே போனேன். அவன் விரல்கள் செய்வது அப்போதுதான் புரிந்தது. இல்லாத நூலை எடுத்து, இல்லாத இன்னொரு நூலோடு முறுக்கிக்கொண்டிருந்தான். தறியில் அறுந்த இழையைப் பிணைப்பது அப்படித்தான்.

"அறுந்துகினே இருக்குது... புடி, புடி... எல்லாம் அறுந்துகினே இருக்குது" என்று முனகினான்.

"இது அருள் இல்ல, ஜன்னி! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

ஒருவரும் நகரவில்லை. மாலை போட்டவனைப் பூஜை நடுவில் தூக்குவதா? "படிச்சவங்க சாமியையே சோதிக்கிறாங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கற்பூரத் தட்டைத் தட்டிவிட்டிருப்பேன். நல்லவேளை, அவனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி பக்கத்தில் இருந்தார். சாயப்பட்டறை வைத்திருப்பவர், பல வருஷமாக மலைக்குப் போகிறவர். தம்பியின் நெற்றியில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"நெருப்பா கொதிக்குது. சாமியா இருந்தா ஆஸ்பத்திரிக்கும் கூட வருவாரு. யாராவது ஆட்டோ கூப்பிடுங்கப்பா" என்றார்.

"மாலைய கழட்டணுமா?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. நீ ஆள காப்பாத்து."

அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன், நேரமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்போ குடிச்சாரு?" சொன்னதும் ஊசி போட்டார், சலைன் ஏற்றினார், கையைக் கட்டிலோடு கட்டச் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அந்த நாட்களில் நான் படித்த படிப்பெல்லாம் மறந்துபோய், எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். கையைக் கட்டியும் அவன் விரல்கள் இல்லாத நூலைப் பிணைப்பதை நிறுத்தியபாடில்லை.

ஒரு நாள் காலை அவன் கை அடங்கியிருந்தது. கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ எப்பக்கா வந்த? காலேஜ் லீவா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

தம்பி மனைவி பிளாஸ்கில் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊற்றிக் கொடுத்துவிட்டு, முந்தானையைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணி, திட்டக் கூடாது. அன்னிக்கு நானும் அருள்னுதான் நெனச்சேன். சாமிகிட்ட ஒண்ணு கேக்கலாம்னு கிட்ட போய் நின்னுகினு இருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்து கத்திட்டீங்க."

"என்ன கேக்க இருந்த?"

"என் வீட்டுக்காரரு பொழைப்பாரான்னு."

காபியைக் கீழே வைத்துவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"பொழைச்சுட்டான்மா" என்றேன்.