மாக்கோனுக்குப் போன ஐந்து தேங்காய்

உலகக் கோப்பையில் பிரான்சு பிரேசிலைப் பெனால்டி அடித்து வென்ற இரவு, நாங்கள் இருந்த லா சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்தடியில், கார்கள் ஹோர்ன் அடித்து எங்களை உறங்கவிடவில்லை. என் வயதுக்காரருக்கு அது மறந்திருக்காது. அதற்கு முந்தின மாதம் நடந்த பயணம் இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி எழுதுவாள், திருத்தட்டும்.

சனிக்கிழமை காலை, ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில் இருந்து புறப்பட்டோம். அங்கே கணேசு வைத்திருந்த பலசரக்குக் கடையில் நான் மூட்டை தூக்கினேன். கணேசு யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, நான் மன்னார் வேதக்காரன், கிறிஸ்தவன். ஒரே அடுப்பில் சமைப்போம், கும்பிடுவது மட்டும் தனித்தனி. அவனுடைய வெள்ளை வானின் கூரையில் அன்று வெங்காய மூட்டைக்குப் பதிலாக ஒரு படகு கிடந்தது. நீளப் படகு. நடுவில் திருகாணி கழற்றி இரண்டு துண்டாக்கிக் கட்டியிருந்தார்கள். தெருவில் போன ஒருவன், "என்ன அண்ணை, மன்னாருக்கே திரும்பப் போறியள்?" என்று கேட்டான். "ஓம், நீயும் ஏறு, துடுப்புக்கு ஆள் காணாது" என்றேன்.

படகு றெஜினாவின் சங்கத்தினுடையது. றெஜினா பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் படித்தாள். அவளுடைய தாய் எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவார். அந்தக் கல்லூரிக்கென்று ஒரு படகு அணி உண்டு. அதற்குப் பயிற்சியாளர், நீலச் சட்டை, தனி பஸ் எல்லாம் கல்லூரிச் செலவு. அந்த அணியில் சேர்க்கப்படாத நாலு பெடியன்களைச் சேர்த்து இவள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தாள். கல்லூரி கொடுத்தது ஒன்றே ஒன்று, படகை வைக்கக் கொட்டிலில் ஒரு மூலை. அதையும் இந்த வருடம் திருப்பிக் கேட்டார்கள். மாக்கோன் ஊரில் நடக்கும் படகுப் போட்டியின் முடிவுப் பலகையில் சங்கத்தின் பெயர் வந்தால் மூலை இருக்கும், வராவிட்டால் கோடைக்கு முன் படகை வெளியே எடுக்க வேண்டும். வெல்லவேண்டும் என்று கேட்கவில்லை. ஒழுங்காக ஓடி முடித்த படகுகளின் பெயர்தான் பலகையில் வரும், அது போதும்.

"எடுத்து எங்கை வைப்பாய் பிள்ளை?" என்று வானில் கேட்டேன்.

"எங்க வீட்டு பல்கோன்லயா வைக்க முடியும், தாத்தா? வித்துட வேண்டியதுதான். ஆனா விக்க மாட்டேன். பலகையில பேர் வரும்."

அவள் துடுப்புப் போடுகிறவள் அல்ல. படகின் பின்பக்கம் இருந்து சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு பெடியன்களையும் கூவி நடத்துகிறவள். அப்படி இருப்பவர் ஐம்பது கிலோவாவது நிறுக்க வேண்டும் என்பது சட்டம். இவள் நாற்பத்தேழு. குறைகிற பாரத்தைப் பையில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி அணியிடம் அதற்கென்றே முத்திரை குத்திய மணல் பைகள் இருந்தன. இவளுக்குத் தரவில்லை. அதனால் மூன்று கிலோ அரிசி கேட்டுக் கடைக்கு வந்திருந்தாள்.

"அரிசி நனைஞ்சால் ஊதிப்போகும்" என்றான் கணேசு. "தேங்காய் கொண்டு போ. தண்ணிக்குப் பயமில்லை." ஐந்து தேங்காயைத் தராசில் போட்டுப் பார்த்துச் சாக்கில் கட்டினான். மூன்று கிலோவும் சொச்சமும்.

நகரைத் தாண்டியதும் காடு வந்தது, பிறகு ஓக்ஸேர் என்ற ஊர், பிறகு மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டங்கள். மாக்கோன் நானூறு கிலோமீற்றர். கூரைப் பாரத்துக்குப் பயந்து கணேசு மெதுவாக ஓட்டினான். பெடியன்கள் பின்னால் வெறும் அரிசிச் சாக்குகளின் மேல் படுத்திருந்தார்கள். அவர்களில் நெட்டையன் பத்ரிக் பிரெஞ்சுக்காரன். மிளகாய்த் தூள் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் படுத்ததால், வழியில் வந்த போன் என்ற ஊர் வரைக்கும் தும்மினான். அந்தத் தும்மலைக் கேட்க எனக்கு மன்னாரில் உப்பு லொறியில் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. அங்கே வீதியில் கழுதைகள் படுத்திருக்கும், லொறிதான் விலகிப் போகவேண்டும். இங்கே வீதியில் கழுதை இல்லை, சுங்கக் காசு வாங்குகிற கூண்டுதான் இருக்கிறது. அதில் இருந்த பெண் எங்கள் கூரையைப் பார்த்து, "கடல் அந்தப் பக்கம் இல்லையே" என்றாளாம். றெஜினா மொழிபெயர்த்தாள்.

அன்றிரவு ஆற்றங்கரைப் புல்லில் கூடாரம் போட்டோம். நான் சோறும் பருப்பும் ஆக்கினேன். அதே போட்டிக்கு வந்த கல்லூரி அணி விடுதியில் தங்கியது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நிறுவை. சோன் ஆறு அகலமாகப் பாலத்தடியில் போய்க்கொண்டிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிய ஒரு கிழவி இருந்தார், என்னை விட இரண்டொரு வயது கூடியிருக்கும். சிரிக்கத் தெரியாத முகம். சாக்கைத் திறந்து பார்த்தார், ஒரு தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினார், பிறகு றெஜினாவையும் சாக்கையும் சேர்த்து நிறுத்தார். ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். சரி என்றார்.

படகைத் தண்ணீரில் இறக்கினோம். பெடியன்கள் ஏறப் போனார்கள், றெஜினா சுக்கான் கயிற்றைச் சரிபார்க்கக் குனிந்தாள். அந்த நேரம் டமார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கணேசு படகின் மூக்குக்கு முன்னால் கண்மூடி நிற்கிறான். கல்லில் தேங்காய் சிதறிக் கிடக்கிறது.

"டேய், எங்காலை எடுத்தனீ?" என்றேன்.

"சாக்குக்குள்ளாலைதான். உடைக்காமல் என்னெண்டு அண்ணை வெளிக்கிடுறது? வான் வாங்கேக்கை உடைச்சனான், கடை திறக்கேக்கை உடைச்சனான்."

றெஜினா நிமிர்ந்தாள். முதலில் பிரெஞ்சில் கத்தினாள், பிறகு தமிழில். "அண்ணே! என்ன பண்ணீங்க நீங்க? அது பூஜைத் தேங்காயா? அது நான்! அதுவும் சேர்ந்துதான் நான் ஐம்பது கிலோ! ஓடி முடிச்சதும் திரும்ப நிறுப்பாங்க. குறைஞ்சா பேரை வெட்டிடுவாங்க!"

கணேசு சட்டென்று குனிந்தான். துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கலாம் என்று பார்த்தால், பக்கத்தில் நின்ற நீலச் சட்டைகள் எங்களுக்கு முந்திவிட்டன. கல்லூரி அணிப் பெடியன்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் சும்மா கொடுக்கிற பலகாரம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"ஐயோ, பிள்ளையாற்றை அருளெல்லாம் அங்கை போகுது" என்றான் கணேசு.

"அருளை விடு, பாரத்தைத் தேடு" என்று சொல்லிவிட்டு வானுக்கு ஓடினேன். இரவு சமைத்தது போக ஒரு மைசூர்ப் பருப்புப் பொட்டலம் இருந்தது, எங்கள் கடையில் கடதாசிப் பையில் கட்டியது, அரைக் கிலோ. அதைச் சாக்கில் போட்டு றெஜினாவின் கையில் கொடுத்தேன். அவள் தராசுக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். நான் ஓடியது அன்றுதான் கடைசி.

கிழவி சாக்கைப் பார்த்தார். "ஒன்று எங்கே?"

"கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள், மதாம்" என்றாள் றெஜினா. மூச்சு வாங்கியது, ஆனால் அழவில்லை. "திரும்ப நிறுங்கள். நான் ஓடாமல் போகமாட்டேன்."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தராசைக் காட்டினார். முள் ஐம்பதைத் தொட்டு ஒரு மயிரிழை தாண்டி நின்றது.

தொடக்க இடம் ஆற்றின் மேல் பக்கம் இரண்டு கிலோமீற்றர். மற்றப் படகுகள் போய்விட்டன. எங்கள் பெடியன்கள் போட்டிக்கு முன்பே போட்டி ஓடியது போலத் துடுப்படித்துக்கொண்டு போனார்கள். கரையில் நின்ற எங்களுக்குத் துப்பாக்கி வெடித்ததுதான் கேட்டது. ஐந்து படகுகள். நீலச் சட்டை முன்னால் வந்தது. எங்கள் படகு கடைசிக்கு முந்தினது. பத்ரிக்கின் முகம் சிவந்து, வாய் திறந்து, துடுப்பு ஒவ்வொன்றும் தண்ணீரைக் கிழித்து வந்தது. அவற்றுக்கு மேலால் றெஜினாவின் குரல். பிரெஞ்சில்தான் கூவினாள், கடைசி நூறு மீற்றரில் மட்டும் தமிழ் வந்துவிட்டது. "இழு! இழு! இழு!" பெடியன்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், இழுத்தார்கள். நாலாவதாக முடித்தார்கள்.

"தேங்காய் திண்டவை முதலாவதா வந்திட்டினம் அண்ணை" என்றான் கணேசு.

"வாயை மூடிக்கொண்டு வா."

கிழவி இறங்குதுறையில் காத்திருந்தார். வேறு யாரைத் திரும்ப நிறுப்பார்? எங்களைத்தான் கைகாட்டினார். றெஜினா சாக்கைத் தூக்கினாள். தூக்கிய கையோடு சாக்கின் அடியில் இருந்து செம்பருப்பு கொட்டத் தொடங்கியது. படகுக்குள் தெறித்த தண்ணீரில் கடதாசிப் பை கரைந்துபோயிருந்தது. பாதிப் பருப்பு படகின் வயிற்றில்.

பத்ரிக்தான் முதலில் முழங்காலில் விழுந்து பொறுக்கத் தொடங்கினான். பிறகு மற்ற மூவரும், றெஜினாவும், கணேசுவும், நானும். பலகை இடுக்கில், கால் கட்டும் வாருக்குள், சுக்கான் கயிற்றடியில், ஈரப் பருப்பை நகத்தால் கிண்டிக் கிண்டி எடுத்தோம். கைகள் துடுப்பில் உரிந்து இரத்தம் கசிந்த பெடியன்கள் அவர்கள். நீலச் சட்டைகள் கரையில் பதக்கத்தோடு நின்று சிரித்தார்கள். எங்களில் ஒருவரும் நிமிரவில்லை.

"இன்னும் இருக்கு, அங்கே ரெண்டு" என்றாள் றெஜினா. கிழவி அவசரப்படுத்தவில்லை. கையை நீட்டி, விளிம்பில் ஒட்டிக் கிடந்த ஒரு பருப்பை எடுத்துத் தானே சாக்கில் போட்டார்.

தராசில் ஏறினாள். முள் ஆடி ஆடி, காலையில் நின்ற இடத்தையும் கொஞ்சம் தாண்டி நின்றது. பருப்பு தண்ணீர் குடித்திருந்தது.

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பலகையில் சங்கத்தின் பெயரைச் சோக்கட்டியால் எழுதினார்கள், நாலாவது வரியில். எனக்கு வாசிக்கத் தெரியாது. றெஜினா என் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்து, "இதுதான் நாங்க, தாத்தா" என்றாள்.

திரும்பி வரும்போது வானுக்குள் எல்லோரும் நித்திரை. சோன் ஆறு நல்ல ஆறுதான், ஆனால் லா சப்பலில் மெத்ரோ தலைக்கு மேல் போகிற இரைச்சல் கேட்டதும் எனக்கு வீடு வந்தது போல இருந்தது. மிஞ்சிய நாலு தேங்காயில் கணேசு சம்பல் இடித்தான். படகு கொட்டில் மூலைக்குத் திரும்பியது.

உங்கள் பிள்ளைகளில் யாராவது இப்படிப் படகு ஓடப் போனால், பாரத்துக்குத் தேங்காய் கட்டினால், இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளையாருக்கென்று இன்னொன்றைத் தனியாகக் கொண்டுபோகட்டும். பருப்பைக் கடதாசியில் கட்ட வேண்டாம்.