விழிஞ்ஞத்தில் கேட்கக்கூடாதது

விழிஞ்ஞம் கரையில் ஒரு பெரியவரும் அவர் மகளும் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. சும்மா நிற்பானேன் என்று கேட்டுவைக்கிறேன்.

"எங்க போறீங்க, அண்ணாச்சி?"

இருவரும் வள்ளத்திலிருந்து கையை எடுத்துவிடுகிறார்கள். பெரியவர் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே ஊருக்குள் நடக்கிறார்.

"கடலுக்கு இறங்குற ஆளுகிட்ட எங்க போறேன்னு கேக்கலாமா, அண்ணா? மீனு கிட்டாது," என்கிறாள் மகள். "இனி வீட்டுக்குப் போயி, முதல்லேருந்து வரணும்."

உண்மையிலேயே போகிறார்கள். வலை, மண்ணெண்ணெய் கேன், சோற்றுப்பாத்திரம் எல்லாம் சந்துக்குள் மறைந்து, சற்று நேரத்தில் திரும்பி வருகின்றன. என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் பெரியவர் தாண்டிப் போகிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

வள்ளம் மிதக்கிறது. வழி பார்க்க மகள் போனைத் தட்டுகிறாள். அதிலிருந்து தேனொழுகும் பெண்குரல், எங்கே போகணும் என்று மலையாளத்தில் கேட்கிறது: "எவிடெ போகணம்?"

பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் குதிக்கிறார்.

"அது அறியாம கேட்டுப்போச்சுப்பா!" மகள் போனுக்காகக் கெஞ்சுகிறாள்.

"அந்த ஆளும் அறியாமதான் கேட்டாரு!"

எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. அடக்கிக்கொண்டு பையை மாட்டுகிறேன். நான் ஏறவேண்டிய கிழக்கேகோட்டை பஸ் ஹாரன் அடிக்கிறது. ஈரம் சொட்ட வரும் பெரியவர் என்னருகே நின்று, முதல்முறையாக என் முகத்தைப் பார்க்கிறார்.

"தம்பி எங்க போறீங்க?"

பஸ் போய்விடுகிறது. நான் தங்கியிருந்த லாட்ஜுக்குத் திரும்பி நடக்கிறேன், முதலிலிருந்து வர.