கேஷ் என்றால் என்னவென்று கேட்டேன்

குருண் என்ற ஊரில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். கையுறைக்குள் காற்றை நிரப்பி, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பிரிவு. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் நான் கையெழுத்துப் போடவில்லை.

முன்பு லீவு வேண்டுமென்றால் மஞ்சள் தாள் ஒன்றை நிரப்பிக் கொடுப்போம். சூப்பர்வைசர் கீழே கிறுக்குவார். ஒரு நகல் நம் கைக்கு வரும். போன வருடம் அந்தத் தாளை நிறுத்திவிட்டு, இனி எல்லாம் கைப்பேசி ஆப்பில்தான் என்று கேண்டீனில் கூட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், நம்மவர்தான். சுவரில் ஆங்கில எழுத்துகளைக் காட்டிக்கொண்டே போனார். எங்கள் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு, சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வயரைச் சுருட்டினார். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

என் கணவர் செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் காவல் வேலை செய்கிறார். அவருக்குக் கண்ணில் புரை. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த மறுநாளே, ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து ஆப்பில் விண்ணப்பத்தை நிரப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஆஸ்பத்திரி அட்டையைப் படமெடுத்துச் சேர்த்தேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிப்பார்களே என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். திரை வெள்ளையாகிவிட்டு ஒரே ஒரு வரி வந்தது. செஷன் எக்ஸ்பயர்ட். அப்புறம் முதல் பக்கம் திரும்பி வந்துவிட்டது.

நான் மூன்றாம் படிவம்வரை, அதாவது ஒன்பதாம் வகுப்புவரை, படித்தவள். எக்ஸ்பயர்ட் என்ற சொல்லைப் பால் டின்னிலும் மருந்துப் புட்டியிலும் பார்த்திருக்கிறேன். காலம் முடிந்தது என்று அர்த்தம். செஷனும் தெரியும். என் மகள் படித்த பள்ளியில் காலை செஷன், மாலை செஷன் என்று இரண்டு உண்டு. காலை செஷன் முடிந்தால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே, வந்த வேலை முடிந்தது, நீ போகலாம் என்று அந்த வரி சொல்வதாகப் புரிந்துகொண்டேன். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது? இன்றைக்கும் அதையேதான் கேட்கிறேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கண்கட்டைப் பிரித்ததும் அவர் என்னை உற்றுப் பார்த்து, ஒனக்கு இவ்ளோ நரையா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் வீடு வந்தோம்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலேயே அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். பணியாளர் பிரிவு அதிகாரி மலாய்க்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். குரல் உயர்த்திப் பேசாதவர். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. தகவல் சொல்லாமல் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்று அதில் எழுதியிருந்தது. விண்ணப்பித்தேனே என்று சொல்லி, நடந்ததை மலாயில் விளக்கினேன். அவர் கம்ப்யூட்டர் பிரிவு ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் என் கைப்பேசியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"போகவே இல்ல ஆன்ட்டி. செஷன் எக்ஸ்பயர்ட் ஆயிருக்கு. கேஷ் கிளியர் பண்ணிட்டு மறுபடி லாக்இன் பண்ணணும்னு அன்னிக்கே சொன்னேன்லா."

"கேஷா? லீவு கேக்கறதுக்கு எதுக்குத் தம்பி கேஷ்?"

அவர் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த கிளார்க்குகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த கேஷ் இல்லை, இது வேறு கேஷ் என்றார். என்ன வேறு என்று கேட்டேன். டெம்பரரி டேட்டா, பிரவுசரில் ஸ்டோர் ஆவது என்றார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் தெரியாத நாலு சொல்லை என் முன்னால் கொட்டினார்.

"பெரிய விஷயம் இல்ல. சும்மா சாயின் பண்ணுங்கலா ஆன்ட்டி."

சும்மாவாம். பத்தொன்பது வருடத்தில் முதல் கடிதம் எனக்குச் சும்மா இல்லை. பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன். நான் செய்த தப்பு என்னவென்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லுங்கள், புரிந்தால் போடுகிறேன் என்று அந்த அதிகாரி அம்மாவிடம் சொன்னேன். அவர் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

சனிக்கிழமை குருண் டவுனில் கைப்பேசிக் கடைக்குப் போனேன். தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்துகிறார். அந்தக் கைப்பேசியை அவரிடம்தான் வாங்கினேன். எனக்குச் சில சொற்களுக்கு அர்த்தம் வேண்டும், ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு ஆங்கிலச் சொல்லைப் பதிலாகச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே நிபந்தனை போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது என்று ஆரம்பித்தவர், இரண்டாவது வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டார். தலையைச் சொறிந்தார். பிறகு தன் மேசையைக் காட்டினார்.

"இந்த சார்ஜருங்கள பாருங்க. அடிக்கடி கேக்கறாங்க, அதனால ஸ்டோர்லருந்து கொஞ்சம் எடுத்துக் கைக்கிட்ட வச்சிருக்கேன். போனும் அதேதான் பண்ணுது. நீங்க பாத்த பக்கத்த ஒரு நகல் எடுத்து வச்சிக்கும், அடுத்த தடவ சீக்கிரமா காட்டறதுக்கு. அது பழசாயிட்டா தப்பா காட்டும். அத அள்ளிப் போடறதுதான் கேஷ் கிளியர் பண்றது."

என் படங்கள் போய்விடாதா என்று கேட்டேன். அதெல்லாம் வேறு அலமாரி, போகாது என்றார். ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் டேட்டாவை கிளியர் செய்ய இன்னொன்று இருக்கும், அதைத் தொட்டால் அந்த ஆப்பில் நாம் வைத்திருப்பதெல்லாம் அழிந்துவிடலாம் என்று இரண்டு பொத்தானையும் விரலால் காட்டினார்.

செஷனுக்கு இன்னும் சுலபமாகச் சொன்னார். கவுண்டரில் நிற்கிறோம், ரொம்ப நேரம் சத்தமே இல்லையென்றால் ஆள் போய்விட்டது என்று நினைத்து உள்ளே கதவை மூடிவிடுவார்கள், நம் தாள் நம் கையிலேயே நின்றுவிடும். அவ்வளவுதான். பிழையில்லாமல் எழுத வேண்டுமென்று இரண்டு முறை படித்தேனே, அந்த நேரத்தில்தான் கதவை மூடியிருக்கிறார்கள்.

"அப்படின்னா கேஷுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லக்கா. எது கெட்டுப்போனாலும் மொதல்ல அதச் சொல்றது எங்க ஆளுங்களுக்கு வழக்கம்."

கைப்பேசித் திரையில் அடிக்கடி ஒத்துக்கொள்ளச் சொல்லும் குக்கீஸ் என்றால் என்னவென்றும் கேட்டேன். பத்து வருடமாக எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளச் சொல்லி அமுக்கிக் கொடுத்திருக்கிறேன், என்னவென்று நானே கேட்டதில்லை என்று ஒத்துக்கொண்டார். தேடிப் படித்துவிட்டு, நாம் யாரென்று ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தத் தளம் நம் கைப்பேசியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு என்றார். அன்றைக்கு அவரும் ஒன்று கற்றுக்கொண்டார்.

எனக்கு வெட்கம் போய்க் கோபம்தான் மிஞ்சியது. தெரியாததை மறைக்கத்தான் இந்தச் சொற்களை இவ்வளவு வேகமாகச் சொல்கிறார்கள் என்று பட்டது. திங்கட்கிழமை, பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதினேன். செஷன் எக்ஸ்பயர்ட் என்று வந்தால் உங்கள் விண்ணப்பம் போகவில்லை. முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு வேகமாகத் தட்டுங்கள். போய்ச் சேர்ந்தால் ஒரு பதிவு எண் வரும்; அது வரும்வரை நம்பாதீர்கள். எண் வந்ததும் திரையைப் படமெடுத்து வையுங்கள். பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டினேன். மறுநாள் கிழித்துவிட்டிருந்தார்கள். திரும்ப எழுதி ஒட்டினேன். என் பக்கத்தில் வேலை செய்யும் மலாய்த் தோழி, எங்களுக்கு மட்டும் என்ன தெரியும், மலாயிலும் எழுது என்றாள். எழுதினேன்; என் எழுத்துப் பிழைகளை அவள் திருத்தினாள். அவளும் இரண்டு தடவை லீவு போனதென்று நம்பி ஏமாந்தவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் முடிந்து மறுபடி கூப்பிட்டார்கள். அதே கடிதம், அதே பேனா, அதே கம்ப்யூட்டர் பிரிவு ஆள். அட்டை ஒட்டுவது யாரென்று கேட்டார்கள். நான்தான் என்றேன். பிறகு அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். நீங்களே ஒரு விண்ணப்பம் நிரப்பி, என்னைப்போல் நிதானமாகப் படித்துப் பார்த்து அனுப்புங்கள். அவர் மறுக்கவில்லை. நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஒரு தொலைபேசி வந்தது. பேசி முடித்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரை வெள்ளையானது. அந்த ஒரு வரி வந்தது.

உங்களுடையது போனதா இல்லையா என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார்.

"போயிருக்காது," என்றார் அவர் தமிழில், என்னைப் பார்த்து.

"அந்த வரியில அப்படி எங்க எழுதியிருக்கு?"

"எழுதலதான். ஆனா எங்களுக்குத் தெரியும்."

"அந்த எங்களுக்குல நான் இல்ல. இவங்களும் இல்ல. அப்ப நான் எதுக்கு சாயின் பண்ணணும்?"

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னேன் என்று கேட்டார். நானே மலாயில் திருப்பிச் சொன்னேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அந்த இரண்டு நாளை என் வருட விடுமுறையில் கழித்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் அந்த வரி மாறியது. உங்கள் விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை என்று இப்போது மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழில் எப்போது என்று போய்க் கேட்டேன். கொஞ்சம் பேர்தானே, அவர்களுக்காகத் தனியாகச் செய்ய முடியாது என்று பதில் வந்தது. கொஞ்சம் பேருக்காக நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் உடை மாற்றும் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். சுவரில் எதையும் ஒட்ட முன்அனுமதி வேண்டுமாம். அதற்கு ஆப்பில் விண்ணப்பிக்க வேண்டுமாம். நான் விண்ணப்பிக்கவில்லை. கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ரகசிய எண்ணை யார் கேட்டாலும், அலுவலகத்திலிருந்து கேட்டாலும், சொல்லாதீர்கள் என்று இன்னொரு அட்டையில் எழுதி, அந்த அறிவிப்புக்கு நேர் கீழே நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.