நனையாத குலை

மாசி மத்தியானத்தில் மண்வாசனை அடித்ததும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு ஓடினேன். அறுவடைக்கு நாலு நாள்தான் இருந்தது.

என் சின்ன வயதில் மழைக்கு மாதம் உண்டு. பழுக்கும்போது மழை வராதபடி கணக்குப் பார்த்துத்தான் அய்யா கொடியைக் கவாத்து வெட்டுவார். தப்பித்தவறி வந்துவிட்டால் வீடே பந்தலடிக்கு ஓடும். "கம்பிய ஆட்டுங்க, கொலையில தண்ணி தங்கக் கூடாது!" என்று கத்துவார். ஈரம் குடித்த பன்னீர் திராட்சை வெடித்துவிடும். மறுநாள் தோட்டமே புளித்த வாடையடிக்கும், தேனீ மொய்க்கும்.

இப்போது கடல் சூடாகி மழை மாதம் தவறுகிறது என்கிறார்கள். போன இரண்டு வருடமும் வெடித்த பழத்தைக் குப்பையில்தான் கொட்டினோம்.

பந்தல் கம்பியைப் பிடித்து வெறிவந்தவள் போல ஆட்டினேன். தலையில் சருகும் தூசியும்தான் விழுந்தன. மேலே, போன மாதம் நாங்களே போட்ட பிளாஸ்டிக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த அம்மா சிரித்தாள். "ஒங்கய்யா இருந்தாலும் இப்பிடித்தான் ஓடியாந்திருப்பாக. நனையாத கொலைய எதுக்குடி ஆட்டுற?"

கூரைக்கு வெளியே கையை நீட்டி மழையை ஏந்தினாள்.

"நல்லாப் பெய்யட்டும்."

பழம் பழுத்து நிற்கும்போது அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.